அமைதியான தெருவில், குறைந்த விலையில்

அமைதியின் அருமை தெரிந்தவர்கள் என்று மனித குலத்தில் ஒரு வரிசை போட்டால், முதல் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது இடத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும். முனிவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். அவர்கள் காட்டுக்குப் போனார்கள். காட்டில் போய் அமைதியாக இருப்பது ஒரு சாமர்த்தியமா? நான் டயர் கடைக்கு மேல்மாடியில், அக்கா வீட்டு ஹாலில், இரண்டு குழந்தைகளின் சைக்கிளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு அமைதியை நேசித்தவன். இதை அப்படியே பதிவு செய்துகொள்ளலாம்.

டிவியை நீங்கள் அணைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பேசுவது செல்போனில் பதிவாகும்போது குறுக்கே வேறு சத்தம் வரக்கூடாது என்கிறீர்கள். நியாயம்தான். நான் டிவி பார்க்கிற ரகமும் அல்ல. மழை வருமா என்று தெரிந்துகொள்வதற்காகப் போட்டிருந்தேன்.

வசதியாக உட்காருங்கள். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்காலி மட்டும் வேண்டாம். அது என்னுடையது அல்ல.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது என் வேலை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எங்கள் கடை. "கண்ணு, காது, பல்லு வந்தாச்சு. மூக்குக்கு ஒருத்தன் கடை போட்டுட்டா முகம் முழுசாயிடும்" என்பார் முதலாளி. வருகிற எல்லோரிடமும் சொல்வார். காது கேட்காதவர்களிடம் சொல்வதால் அந்த ஜோக் பழசாவதே இல்லை.

கருவி என்றால் சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோவுக்கு ஒரே திருகு. இதற்குள் பல திருகுகள் உண்டு. கம்ப்யூட்டரில் சொருகினால் திரையில் வரிசையாக வந்து நிற்கும். கனத்த சத்தத்துக்கு ஒன்று, கீச்சுச் சத்தத்துக்கு ஒன்று. மெல்லிய சத்தத்தை எவ்வளவு தூக்குவது, பெரிய சத்தத்தை எவ்வளவு அமுக்குவது என்பதற்குத் தனித்தனியாக. ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைப் பின்னால் தள்ளிவிட்டு மனிதர் பேச்சை மட்டும் முன்னால் கொண்டுவர இன்னொன்று. ஆக, ஒரு மனிதருக்கு உலகம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் முடிவு செய்யலாம். இவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு அவர்கள் கொடுக்கும் சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் இங்கேயே வழக்கை முடித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் கருவி போட்டவர்கள் எல்லோரும் ஒரே புகாரோடு திரும்பி வருவார்கள். "எல்லாமே சத்தமா இருக்கு." வருடக்கணக்கில் ஓய்வெடுத்த மூளைக்குப் பேப்பர் கசங்குவதுகூட இடிதான். அதற்கு எங்களிடம் ஒரே பதில்: "பழகிடும்." அது பொய்யல்ல, பெரும்பாலும் பழகித்தான் விடும். கழற்றாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கழற்றினால் மூளை மறந்துவிடும் என்பது அடுத்த வாக்கியம். இந்த இரண்டு வாக்கியங்களும் முகத்தில் கொஞ்சம் கனிவும் இருந்தால் எங்கள் தொழிலில் பாதி கைவந்துவிட்டது.

இனி நான் இருந்த வீடு. டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் பகல் முழுவதும் தும்மிக்கொண்டிருக்கும். அதையாவது பொழுது சாய்ந்தால் நிறுத்துவார்கள். மாமாவை நிறுத்த முடியாது. மாமா என்றால் அக்காவின் கணவர், லாரி ஷெட்டில் சூப்பர்வைசர். டிவி ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எந்தச் சேனல் என்பது பொருட்டல்ல, மொழிகூடப் பொருட்டல்ல. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு பாஷையில் பேசியபடி, தொப்பி போட்ட ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருப்பான். மாமா வாயைத் திறந்தபடி தூங்குவார். நான் ரிமோட்டைத் தொட்ட மாத்திரத்தில் விழித்துக்கொள்வார்.

"டேய் மாப்ள, பாத்துட்டு இருக்கேன்ல."

"என்ன மாமா பாத்தீங்க?"

"மீனு."

"என்ன பாஷை மாமா அது?"

"மீனுக்கு ஏதுடா பாஷை? வை அதை கீழே. சத்தம் இல்லாம படுத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மண்டைக்குள்ள யாரோ பேசற மாதிரி."

நான் அக்காவிடம் அப்போதே ஒரு கருத்தைச் சொன்னேன். சத்தம் இல்லாமல் இருக்க முடியாதவனுக்கு உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது. தனக்குள் இருப்பது காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் மனிதன் டிவியைக் கண்டுபிடித்தான் என்று.

"அப்போ நீ ஒரு வீட்டைப் பாத்துட்டுப் போய், உனக்குள்ள இருக்கறதை உக்காந்து நல்லா கேளு" என்றாள் அக்கா. "எனக்கு ஹாலாவது காலியாகும்."

அக்கா அதிகம் படித்தவள் இல்லை. ஆனாலும் அந்த யோசனையில் எனக்குக் குறை தெரியவில்லை.

எங்கள் வட்டாரத்து வீட்டுத் தரகருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். நடந்து வந்தால் கோயில் யானை வருவதுபோல் கேட்கும். அவரிடம் நான் கேட்டது அமைதி, கொஞ்சம் பச்சை, என் சம்பளத்துக்கு வங்கி கொடுக்கக்கூடிய கடனுக்குள் விலை. அவர் சிரிக்கவில்லை. அனுபவசாலி.

"சார், அமைதி வேணும்னா காசு வேணும். காசு இல்லையா, பச்சை வேணா தரேன். பச்சைன்னா பெயிண்ட்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பூங்காவைப் பார்த்த வீடு என்று ஒன்றுக்கு அழைத்துப் போனார். பூங்கா இருந்தது, எதிர்ச் சுவரில் வரைந்து. ஆறு தெரியும் வீடு என்று இன்னொன்று. குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுக் கழுத்தைத் திருப்பினால் ஏதோ ஒன்று கறுப்பாக ஓடியது. உண்மையிலேயே அமைதியான வீடும் ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் பின்சுவர். அதற்குக்கூட முதல் நாளே யாரோ முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார்கள். கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி ஒரு வெட்டவெளியில் நிறுத்தி, "கொஞ்ச நாள்ல இங்க சுத்தி எல்லாம் வந்துடும் சார்" என்றார்.

"எதெல்லாம்?"

"ஃபேக்டரி, பைபாஸு, கல்யாண மண்டபம்."

என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. வீடு தேடி அலைகிறவனுக்கு ஒரு எரிச்சல் வரும், பாருங்கள். பசி மாதிரி அல்ல, பந்தியில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு மற்றவர்கள் இலையைப் பார்க்கிற மாதிரி. நல்ல தெருக்கள் இந்த நகரத்தில் இல்லாமல் இல்லை. மரம் இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டு, வெயில் காசு காசாக விழுகிற தெருக்கள் இருக்கின்றன. அவற்றில் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். பிரச்சினை அவ்வளவுதான்.

மில்லம்மா எங்கள் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில். நூல் மில்லில் சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை மெஷின்களுக்கு நடுவே நின்றவர். குரல் எப்போதும் பெரிசு. மெஷினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். காதில் பாதியை மில் எடுத்துக்கொண்டது, மீதியை வயசு. காதுத் துவாரத்துக்கு அச்சு எடுத்து, முழுக்க அடைத்துக்கொள்கிற மாதிரி கருவி செய்தேன். அதன் பிறகு அவர் காதுக்குள் ஒரு சத்தம் போக வேண்டுமென்றால் என் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கணுக்கால் பிசகிக் கிடந்ததால் வீட்டுக்கே வந்து பொருத்தச் சொன்னார். அப்படித்தான் இந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தேன்.

தெருவை நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். முட்டுச்சந்து. வண்டி போக வழியில்லை என்பதால் வண்டி வருவதும் இல்லை. அன்றைக்கு வாட்ச்மேன் சருகு கூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. சமையலறை ஜன்னலில் ஒரு கிளை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இந்த நாற்காலி.

"மில்லுல வந்த பணம் பூரா இதுல போட்டுட்டேன் தம்பி" என்றார். "எல்லாரும் வந்து, அடேயப்பா என்ன அமைதின்னு சொல்றாங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் அமைதிதான். ஆனா இந்த அமைதியை ஒரு தடவை என் காதால கேக்கணும். அதுக்குத்தான் மெஷினு."

அன்று நான் பொருத்தியது என் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை. ஒவ்வொரு திருகாக, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அவர் தலையைச் சாய்த்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மழை பேயுதா தம்பி?"

"இல்லம்மா. இலை."

எனக்குக் காப்பி போடுவதாகச் சொல்லி அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பால் பொங்கி வழிந்தது. அதன் சத்தத்தையும் ரசித்தார்.

எனக்கு அன்று வந்தது பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். அது பொறாமை அல்ல. ஒரு நியாய உணர்ச்சி. மொட்டைத் தலைக்குத் தந்தச் சீப்பைக் கொடுத்துவிட்டு, முடி இருக்கிறவனைக் கையால் கோதிக்கொள் என்று விட்டிருக்கிறார்களே என்கிற உணர்ச்சி. விற்பதாக யோசனை உண்டா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"இதையா? என்னைத் தூக்கிட்டுப் போனப்புறம் வந்து கேளு" என்று சிரித்தார்.

அடுத்த தடவை அவர் கடைக்கு வந்தபோது, மெல்லிய சத்தங்களுக்கான திருகைக் கொஞ்சம் தூக்கினேன். பின்னணியை அடக்குகிற திருகை எடுத்துவிட்டேன். பேச்சைத் தொடவில்லை. எங்கள் கடையில் சோதனை அறைக்குச் சுற்றிலும் பஞ்சு வைத்து அடைத்திருக்கும். அங்கே இலையும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. நான் பேசுவது மட்டும் கேட்கும். அது தெளிவாகக் கேட்டது. அவர் சந்தோஷமாகப் போனார்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்.

"இங்க நல்லாதான் இருக்கு தம்பி. வீட்லதான் ஒரே இரைச்சல்."

"பழகிடும்மா. கழட்டாம போட்டுக்கோங்க."

"கழட்டவே இல்லையே. நீ சொன்ன மாதிரி குளிக்கறப்ப, தூங்கறப்ப மட்டும்தான்."

மில்லில் வேலை பார்த்தவர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. மெஷினைப் பற்றி மெஷின்காரன் சொன்னால் கேட்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

நான் இந்தத் தெருவில் ஒரு துளி சத்தத்தையும் கூட்டவில்லை என்பதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். ஹாரன் அடித்தேனா? ஆள் வைத்துக் கதவைத் தட்டினேனா? வீட்டைக் காலி செய்ய வைப்பதற்கு ஊரில் என்னென்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் ஏற்கெனவே இருந்த சத்தங்களை அவருக்கு அறிமுகம் செய்தேன். வேறொன்றுமில்லை.

அவரிடம் மாறுதல் தெரிய ஆரம்பித்தது. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள் என்று சண்டைக்குப் போனார். வாட்ச்மேனிடம் சருகு கூட்டக் கூடாது, கையால் பொறுக்கு என்றார். புறா கத்துகிறது என்று மொட்டைமாடியில் வலை கட்டச் சொன்னார். கடைசியில் ஜன்னல் கிளையை வெட்டச் சொல்லி, அவரே கீழே நின்று வெட்ட வைத்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருநாள் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். மருந்துக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, அந்தம்மாவுக்குக் காதுதான் போச்சுன்னு நெனச்சோம். காதே கேக்காதவங்க வந்து சத்தம் சத்தம்னா நாங்க என்ன பண்றது? நான் செருப்பு போட்டு நடந்தா திட்றாங்க. இப்போ சாக்ஸோட நடக்கறேன். வழுக்குது."

"வயசாகுதில்ல சார்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். கருவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடி போட்டவன் கோணலாகப் பார்த்தால் கண்ணாடியைச் சந்தேகிக்கிறோம். காதுக்கு மட்டும் மனுஷனைத்தான் சந்தேகிக்கிறோம். இது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் சோதனை அறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பஞ்சுச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டுமா?"

"இருங்கம்மா."

"மில்லு திரும்பி வந்துடுச்சு தம்பி. அதை விட்டு ஓடி வந்து வீடு வாங்கினேன். மோப்பம் பிடிச்சு வீட்டுக்குள்ளேயே வந்து உக்காந்துடுச்சு."

அந்தப் பெரிய குரல் அப்போது ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி வைத்திருக்கலாம். கை மவுஸ் மேல்தான் இருந்தது. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாவிக்கொத்து ஒரு வீடு காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பச்சையான வீடு என்றிருந்தார். என்னால் அதற்கு மேல் எதையும் பார்க்க முடியாது என்று தோன்றியது. திருகை இன்னும் ஒரு படி தூக்கினேன்.

வீட்டை விற்றுவிட்டு, மெயின் ரோட்டில் இருக்கும் தங்கை வீட்டோடு போவதாக முடிவு செய்தார். சாவிக்கொத்துதான் ஆள் கூட்டி வந்தார், தலையில் அடித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

"சார், நான் ஊர்ல பாத்த ஓனரெல்லாம் ஓட்டையை மறைப்பாங்க. இந்தம்மா இல்லாத ஓட்டையைக் காட்டுது. வர்றவங்களை உக்கார வெச்சு, இங்க ரொம்ப சத்தம், மறைச்சு விக்க எனக்கு மனசு வரலைங்குது. அவங்க காதைத் தீட்டிக் கேட்டுப் பாக்கறாங்க, ஒண்ணும் கேக்கல. பேய் இருக்குன்னு ஓடிட்டாங்க."

விலை இறங்கியது. பேய் என்ற சொல் பரவிய பிறகு இன்னும் நன்றாக இறங்கியது. என் கடனுக்குள் வந்ததும் நான் போய் நின்றேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் உண்மையான எரிச்சல் வந்தது. எனக்கு விற்க மாட்டேன் என்றார்.

"வேற யாருக்காவது குடுத்துட்டுப் போறேன் தம்பி. நீ நல்ல பையன். எனக்காக இவ்வளவு பொறுமையா பாத்திருக்க. உன் தலையில இதைக் கட்ட மாட்டேன்."

"பரவாயில்லம்மா."

"என்ன பரவாயில்ல? இந்தச் சத்தத்துல நீ எப்படி இருப்ப?"

"பழகிடும்மா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரிந்தே ஒரு பிள்ளைக்குக் கெட்ட வீட்டைத் தள்ளிவிடுகிறோமே என்று, நான் கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் குறைத்தார். நாற்காலியையும் விட்டுவிட்டுப் போனார். அதில் உட்கார்ந்தால் ஒரு காலத்தில் இலை கேட்டது, உனக்காவது மறுபடி கேட்கட்டும் என்றார். கிளையைத் தானே வெட்ட வைத்தது அவருக்கு நினைவில்லை போல.

இப்போது நீங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். வீடு கைமாறிய பிறகு அவர் கருவியை நான் மறுபடி திருத்தினேன். நானே கூப்பிட்டு, இலவசமாக. தங்கை வீடு பஸ் டிப்போவுக்கு எதிரில். பகல் முழுக்க லாரியும் பஸ்ஸும். பாவம், இவ்வளவு பட்டவர் அங்கேயும் போய்ச் சிரமப்பட வேண்டாம் என்று, கனத்த சத்தங்களையெல்லாம் அடியோடு இறக்கினேன். பெரிய சத்தம் எதுவும் தலைகாட்டாதபடி மேலே ஒரு கூரை போட்டேன். பேச்சு மட்டும் பக்கத்தில் கேட்கும். நான் கெட்டவனாக இருந்தால் இதைச் செய்திருப்பேனா என்று நீங்களே யோசியுங்கள். வீடு கிடைத்ததும் எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டிருக்கலாம் அல்லவா.

அவர் போன் செய்தார்.

"தம்பி, இங்க எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா! மெயின் ரோடுன்னு சொன்னா நம்ப மாட்ட. என் தங்கச்சிக்குப் புரியவே இல்ல, நான் பால்கனியில உக்காந்து காத்து வாங்கறதைப் பாத்து சிரிக்கிறா. உன்னை நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. அந்தச் சத்தத்துல நீ எப்படி இருக்கியோ."

"நல்லா இருக்கேம்மா."

"பொய் சொல்லாத. நீ எப்பவும் இப்படித்தான்."

ரொட்டி வாங்க ரோட்டில் இறங்கியிருக்கிறார். டிப்போவிலிருந்து பஸ் பின்னாலேயே வந்திருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தேன் என்கிறானாம். அடித்திருப்பான். அவனை விட்டுவிடுங்கள், அவன் மேல் பிழை இல்லை.

தங்கைதான் கருவியைக் கொண்டுவந்து கடையில் கொடுத்தார். வசதியில்லாத யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அக்கா அப்படித்தான் விரும்புவாள் என்று அழுதார். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் அதைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் சொருகினாள்.

"அண்ணா, இதை யாரு இப்படி வெச்சது? ரயிலே மேல ஏறினாலும் கேக்காதே."

அவளுக்கு அப்போது விவரம் தெரியாது. சும்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். திரும்பிப் போகவில்லை. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

கனத்த சத்தத்துக்கான திருகை இறக்கினால் என்ஜின் சத்தமும் அதோடு போகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல் வருடப் பாடத்திலேயே வரும். தெரிந்தும் ஏன் செய்தாய் என்றால், சிரமப்படக் கூடாதே என்றுதான். அங்கே பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவார். கருவி சரியாக இருக்கும்போது வந்து இந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும். அது நடக்கக் கூடாது என்பதற்காகவும்தான். முக்கியமாக அதற்காகத்தான். சரி, அதற்காக மட்டும்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவர் காதை நான்தான் எடுத்தேன். இரண்டு தடவை எடுத்தேன். இரண்டாவது தடவையில் செத்துப்போனார்.

இதை நான் வருத்தத்தில் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொன்னேன். என் மனசு தெளிவாக இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அமைதி, அது கிடைத்துவிட்டது. பேராசைக்காரர்களுக்குத்தான் கிடைத்த பிறகும் குறை இருக்கும்.

நீங்களே கவனியுங்களேன். என்ன கேட்கிறது? ஒன்றும் இல்லை. நான் முதல் தடவை வந்தபோதுகூட இவ்வளவு இல்லை. இலை இருந்தது, புறா இருந்தது, விளக்குமாறு இருந்தது. எல்லாம் அவர் போட்ட புகாரில் போய்விட்டன. கிளையை வெட்டிவிட்டார்கள், வலை கட்டிவிட்டார்கள். மேல்வீட்டுக்காரர்கள் நாற்காலிக் காலுக்கெல்லாம் ரப்பர் மாட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேன் இன்னும் சருகைக் கையால்தான் பொறுக்குகிறான். நான் போய்ச் சொன்னேன், இனிமேல் கூட்டலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று. "வேணாம் சார், அந்தம்மாவுக்குப் பிடிக்காது" என்கிறான். செயலாளர்கூட இன்னும் சாக்ஸோடுதான் நடக்கிறார். செத்தவருக்கு மரியாதையாம். இவ்வளவு சுத்தமான அமைதி, இந்த விலைக்கு, ஊரில் எவனுக்கும் கிடைக்காது.

முதல் நாள் வந்து உட்கார்ந்தபோது கொஞ்சம் புதிதாக இருந்தது. பழகிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிந்ததா? வண்டி வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்கிறீர்கள். காத்திருக்கலாம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நீங்கள் அதிகம் பேசுகிறவர் இல்லை போல.

அந்தப் பதிவை நிறுத்திவிட்டீர்கள் அல்லவா? அப்படியானால் உங்கள் பக்கத்துத் திண்டுக்கு அடியில் ரிமோட் இருக்கும், கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். சத்தமாக வைக்க மாட்டேன். இல்லை, மாற்ற வேண்டாம், இதே சேனல் இருக்கட்டும். பாஷை எனக்கும் தெரியாது. தொப்பி போட்டவன் இன்னும் ஒன்றும் பிடிக்கவில்லை, பாருங்கள். இவன் முடித்த பிறகு, மழை வருமா என்று சொல்வார்கள்.